பதிவேட்டில் நம் சங்கம் சரியாகத் தெரியவில்லையா?

நியூசிலாந்தில் சங்கப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. கையொப்பம் மாற்றுவதற்காகப் புதிய பொருளாளர் வங்கிக்குப் போவார். கவுன்டரில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையே" என்பார். இங்கே ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து, பொன்னாடை போட்டு, வடை தேநீரும் சாப்பிட்டாயிற்று. அங்கே மூன்று வருடத்துக்கு முந்தைய செயற்குழு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். பொறுப்பை விட்ட பிறகும் மற்ற சங்கத்தார் இந்த விஷயத்துக்காகக் கூப்பிடுகிறார்கள். பத்தில் எட்டு முறை கோளாறு ஒன்றேதான். பதிவேடு தானாக எதையும் தெரிந்துகொள்ளாது, நாம் அனுப்பியதைத்தான் காட்டும். ஆகவே எந்தச் சிக்கலானாலும் முதலில் பார்க்க வேண்டியது, காகிதம் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை.

நான் சொல்வது நியூசிலாந்து அரசின் கம்பெனிகள் அலுவலகம் நடத்தும் பதிவுபெற்ற சங்கங்களின் பதிவேட்டைப் பற்றி. யாரும் இலவசமாகத் தேடலாம், ஆவணங்களைத் திறந்து படிக்கலாம். பார்ப்பதற்கு லாகின் வேண்டாம், மாற்றுவதற்குத்தான் வேண்டும்.

பெயரைத் தேடினால் ஒன்றும் வரவில்லை

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பதிவேடு ஆங்கில எழுத்தில் இருக்கிறது, நம் பெயர்களோ ஒரே மாதிரி அதில் ஏறுவதில்லை. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் டி மட்டும் போடுபவர் உண்டு, டி-எச் போடுபவர் உண்டு. ழகரத்துக்கு ஒருவர் எல் எழுதுவார், இன்னொருவர் இசட்-எச் எழுதுவார். 'சங்கம்' நடுவில் சிலருக்கு ஜி, சிலருக்கு கே. முழுப் பெயரையும் தட்டினால், சங்கம் தொடங்கியவர் அன்று எப்படி எழுதினாரோ அப்படியே நீங்களும் எழுதியாக வேண்டும். அதற்குப் பதிலாக, பெயரில் எழுத்து மாற வாய்ப்பில்லாத ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் கைகொடுக்கும்.

எண் தெரிந்தால் வேலை சுலபம். ஆனால் எந்த எண் என்பதில் குழப்பம் வரும். ஒரு சங்கத்துக்கு நாலு எண் இருக்கலாம்: பதிவேட்டின் சங்க எண், 13 இலக்க நியூசிலாந்து வணிக எண், அறக்கொடை நிறுவனமாகவும் பதிந்திருந்தால் சி-சி என்று தொடங்கும் எண், வரித்துறை எண். வணிக எண் 9429 என்று தொடங்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். வரித்துறை எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு "நம் சங்கத்தையே காணோம்" என்று பதறி எழுதிய ஒரு தலைவரை எனக்குத் தெரியும்.

எப்படித் தேடியும் இல்லையென்றால், அது சங்கமாகவே பதியப்படாமல் இருந்திருக்கலாம். கோயில்களும் பள்ளிகளும் பல சமயம் 1957ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருக்கும். அவற்றுக்கு வேறு பதிவேடு, அதே அலுவலகத்தின் தளத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் சங்கம் என்று கூப்பிடுவதால் மட்டும் அது சட்டப்படி சங்கம் ஆகிவிடாது.

பெயர் வருகிறது, ஆனால் நடப்பில் இல்லை என்று காட்டுகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே பாருங்கள்.

பின்னணி இது. 1908ஆம் ஆண்டின் பழைய சங்கச் சட்டம் நூற்றாண்டைக் கடந்தும் நடப்பில் இருந்தது. அதன் இடத்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2023 அக்டோபர் 5 முதல் செயல்படத் தொடங்கியது. பழைய சட்டத்தில் பதிந்த சங்கங்கள் தாமாகவே புதிய சட்டத்துக்குள் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் புதிய யாப்புடன், அதாவது சங்கத்தின் சட்டதிட்டத்துடன், மறுபதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதற்குச் சட்டம் குறித்த கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. "நாங்கள்தான் ஏற்கெனவே பதிந்திருக்கிறோமே" என்று சும்மா இருந்த சங்கங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் நிலையையும், அதற்குக் கீழே உள்ள ஆவண வரிசையில் கடைசியாக வந்ததையும் பாருங்கள். மறுபதிவு விண்ணப்பமே போகவில்லையா, போய்த் திரும்பி வந்ததா, அல்லது அதற்கு முன்பே பல வருடம் கணக்கு அனுப்பாததால் நீக்கப்பட்டதா என்று அந்த வரிசையே சொல்லிவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு. நீக்கப்பட்ட சங்கத்தைப் பதிவேட்டில் மீட்டுச் சேர்க்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதுவரை சங்கத்துக்குச் சட்டப்படி தனி ஆள்தகுதி இல்லை. மண்டப வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், போட்டவரின் தலையில் விடியலாம். பொங்கல் விழாவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள்.

அதே பெயரில் புதிதாக ஒன்றைப் பதிந்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார். அவசரப்படாதீர்கள். புதிதாகப் பதிந்தால் அது வேறு சங்கம். பழைய வங்கிக் கணக்கும் மானியமும் ஒப்பந்தங்களும் தானாக அதற்கு வந்துசேரா. முறையாக மறுபதிவு ஆனால் அதே சங்கம்தான் தொடர்கிறது.

பழைய நிர்வாகிகளின் பெயரே இன்னும் இருக்கிறது

அதிகம் வரும் கேள்வி இதுதான். பொதுக்கூட்டத்தில் தேர்தல் நடந்ததும் மாற்றம் ஆகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வோம். சங்கத்துக்குள் ஆகிவிட்டது உண்மைதான். பதிவேட்டுக்கு யாரும் சொல்லவில்லை. புதிய செயலாளர் 'பழையவர் செய்திருப்பார்' என்று இருப்பார், பழையவர் 'இனி அது அவர் வேலை' என்று இருப்பார்.

புதிய சட்டத்தில் இன்னொரு படி கூடியிருக்கிறது. செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மையோர் சங்க உறுப்பினர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் பொறுப்பேற்கச் சம்மதம் என்றும், தமக்குத் தகுதியிழப்பு எதுவும் இல்லை என்றும் எழுத்தில் தர வேண்டும். 16 வயது நிறைந்திருக்க வேண்டும். திவாலாகி அதிலிருந்து இன்னும் விடுபடாதவர் பொறுப்பேற்க முடியாது. நம் கூட்டங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வராதவரின் பெயரை யாரோ முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கை தட்டிவிடுவோம். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில்தான் சேதி போகும். அவருடைய கையெழுத்து இல்லாமல் பதிவேட்டில் அவரை ஏற்றுவதற்கு இல்லை.

எங்கள் சங்கத்தில் நான் கடைசியில் கண்டுபிடித்த வழி இது: சம்மதப் படிவத்தை வாக்கெடுப்புக்கு முன்பே அச்சடித்து மேசையில் வைத்துவிடுவது. கையெழுத்துப் போட்டவர்தான் வேட்பாளர். முதல் வருடம் முணுமுணுத்தார்கள், அடுத்த வருடம் பழகிவிட்டது. கூட்டக் குறிப்பை எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல் அன்று இரவே பதிவேட்டில் மாற்றத்தைப் போட்டுவிடுவேன்.

வங்கி ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கோபப்படுபவர்கள் உண்டு. கறுப்புப் பணத் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கை இயக்குபவர்கள் யார் என்று உறுதி செய்துகொள்ளும்படி வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிறது. பதிவேட்டில் ஒரு பெயரும் கூட்டக் குறிப்பில் வேறு பெயரும் இருந்தால் அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கே ஒரு முறை ஒரு வங்கி ஆறு வாரம் கணக்கைத் திறந்துவிடாமல் இழுத்தது. அப்போது அந்த வங்கியைத் திட்டினேன். பிறகு பதிவேட்டைத் திறந்து பார்த்தால், நான் போட்டுவிட்டதாக நினைத்த மாற்றம் பாதியில் சேமித்து விட்ட நகலாகவே கிடந்தது. சமர்ப்பிக்கும் பொத்தானை நான் அமுக்கவே இல்லை. எதை அனுப்பினாலும் லாகின் இல்லாமல், வெளியாள் பார்ப்பதுபோலப் பொதுப் பக்கத்தைத் திறந்து ஒரு முறை சரிபாருங்கள்.

உள்ளே நுழைய முடிகிறது, எதையும் மாற்ற முடியவில்லை

இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று அரசின் இணையச் சேவைகளுக்கான ரியல்மீ லாகின், அது உங்களை உள்ளே விடும். இன்னொன்று, குறிப்பிட்ட சங்கத்தின் சார்பில் செயல்பட உங்களுக்கு உள்ள அதிகாரம். முதலாவது மட்டும் இருந்தால், எந்த வழிப்போக்கரையும் போல நீங்களும் பார்க்கலாம், தொட முடியாது. லாகின் செய்த கணக்கிலிருந்து உங்கள் சங்கத்துக்கான அதிகாரத்தைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டில் உங்கள் பெயரே இன்னும் ஏறவில்லை என்றால், பொறுப்பில் இருப்பதற்கான ஆதாரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பு இதற்கு உதவும்.

பழைய செயலாளரின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிச் சமாளிப்பது நம்மிடையே சாதாரணம். அப்படிச் செய்யாதீர்கள். ரியல்மீ சங்கத்துடையது கிடையாது, தனி ஆளுடையது. அதே லாகினில் அவர் தன் குடிவரவு வேலைகளும் படிப்புக் கடன் வேலைகளும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மாற்றமும் அவர் பெயரில் போகும். அவர் சிட்னிக்குக் குடிபெயர்ந்து, உறுதிப்படுத்தும் குறியீடு அவருடைய போனுக்கு வருமானால் கதை முடிந்தது. நம் சங்கங்களில் முன்னாள் செயலாளர்கள் எத்தனை பேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எப்போதும் இரண்டு பேரிடம் அதிகாரம் இருக்கட்டும்.

நினைவூட்டல் எதுவும் வருவதில்லை

இதற்கும் மேலே சொன்ன சிட்னிக் கதைக்கும் உறவு உண்டு. புதிய சட்டப்படி ஒவ்வொரு சங்கத்துக்கும், பதிவாளர் தொடர்புகொள்வதற்கென்று, குறைந்தது ஒரு தொடர்பாளர் இருக்க வேண்டும், மூன்று பேர்வரை வைக்கலாம். அவர் 18 வயது நிறைந்தவராகவும் வழக்கமாக நியூசிலாந்தில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். செயற்குழு உறுப்பினர் வெளிநாட்டில் இருந்தாலும் சமாளிக்கலாம், தொடர்பாளர் முடியாது. மூன்று இடமும் இருக்க, ஒருவரோடு நிறுத்துவது வீண் ஆபத்து என்பது என் கருத்து. சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் வைத்து, அதை இருவர் பார்க்கும்படி செய்யுங்கள்.

சங்கத்தின் பதிவு அலுவலகம் என்று கொடுத்திருக்கும் முகவரியையும் பாருங்கள். நிறையச் சங்கங்களுக்கு அது யாரோ ஒருவரின் வீடு. வீடு மாறினால் கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். போதாததற்கு, அந்த முகவரி ஊருக்கே தெரியும்படி பதிவேட்டில் இருக்கும்.

யாப்பு கிடைக்கவில்லை, அல்லது பழையதுதான் கிடைக்கிறது

இலங்கையிலிருந்து வந்தவர்கள் யாப்பு என்கிறோம், தமிழ்நாட்டு நண்பர்கள் சட்டதிட்டம் என்றோ பைலா என்றோ சொல்வார்கள். பதிவேட்டிலும் இதே மாதிரிப் பெயர் மாற்றம் உண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதை 'விதிகள்' என்றது, 2022ஆம் ஆண்டுச் சட்டம் 'அமைப்பு யாப்பு' என்கிறது. ஆகவே பழைய ஆவணங்களை விதிகள் என்ற தலைப்பில் தேடுங்கள். இடையிடையே செய்த திருத்தங்கள் தனித்தனி ஆவணங்களாக இருக்கும். தேதி வரிசையில் எல்லாவற்றையும் திறந்து, கடைசி முழுப் பிரதிக்குப் பிறகு என்னென்ன வந்திருக்கிறது என்று சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய திருத்தத்தைப் பதிவேட்டில் காணோம் என்றால், அது அனுப்பப்படவில்லை. புதிய சட்டத்தில் இது சும்மா தாமதம் என்று விட்டுவிடக் கூடியது இல்லை. திருத்தம் பதிவானால்தான் நடைமுறைக்கு வரும். சந்தாவைப் பற்றியோ வாக்குரிமையைப் பற்றியோ திருத்தம் செய்துவிட்டு, பதியாமலே அதன்படி தேர்தல் நடத்தினால், தோற்றவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அனுப்பிய யாப்பு திரும்பி வந்துவிட்டது

நான் உட்கார்ந்து படித்த பழைய யாப்புகளில் மூன்று இடங்கள் திரும்பத் திரும்பத் தட்டின. முதலாவது உறுப்பினர் பிரிவு. 'இந்நகரில் வாழும் தமிழர் அனைவரும் இச்சங்கத்தின் உறுப்பினர் ஆவர்' என்று உணர்ச்சியோடு எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, சட்டத்துக்கு ஒத்துவராது. ஒருவர் சம்மதம் தெரிவித்தால்தான் உறுப்பினர் ஆக முடியும், அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்படும் என்று யாப்பு சொல்ல வேண்டும். பதிவுக்கு வேண்டியது குறைந்தது 10 உறுப்பினர்கள். பழைய சட்டத்தில் 15 பேர் வேண்டும் என்றிருந்தது.

இரண்டாவது, பிணக்குத் தீர்க்கும் முறை. 'தலைவரின் முடிவே இறுதியானது' என்ற ஒரு வரியோடு முடித்திருப்பார்கள். புகார் தலைவர் மீதே என்றால் என்ன செய்வது? இரு தரப்பையும் கேட்டு, பக்கச்சார்பு இல்லாதவர் முடிவெடுக்கும் முறை வேண்டும் என்கிறது சட்டம். எழுதத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே ஒரு மாதிரி முறை இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து யாருக்கு என்பது. உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்வதாக எழுதியிருந்தால் மாற்றியாக வேண்டும். இலாப நோக்கில்லாத வேறொரு அமைப்புக்கு, அல்லது அப்படிப்பட்ட அமைப்புகளின் வகை ஒன்றுக்கு, அது போய்ச்சேர வேண்டும். இவை தவிர, தொடர்பாளரை எப்படித் தெரிவு செய்வது என்ற வரி பழைய யாப்புகளில் இருக்கவே இருக்காது, அப்படி ஒரு பதவியே அப்போது இல்லை.

கம்பெனிகள் அலுவலகத்தின் தளத்தில், கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல யாப்பை உருவாக்கித் தரும் கருவி ஒன்று உண்டு. சிறு சங்கங்களுக்கு அதுவே போதும். நாற்பது பக்கப் பழைய யாப்பை ஒட்டுப்போடுவதைவிட இது நல்லது என்று நான் சொன்னபோது எங்கள் மூத்தவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர்கள் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த முகவுரையை அப்படியே முதல் பக்கத்தில் வைத்த பிறகுதான் சமாதானம் ஆனார்கள்.

ஆண்டறிக்கை தாமதம் என்று காட்டுகிறது

கணக்கு முடிவு நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் போய்ச்சேர வேண்டும். பொதுக்கூட்டமும் அதே ஆறு மாதத்துக்குள் நடக்க வேண்டும். மார்ச் 31 கணக்கு முடிவு என்றால் செப்டம்பர் 30. கூட்டத்தைத் தீபாவளி விழாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் கெடு தாண்டிவிடும்.

அனுப்பியும் தாமதம் என்று இருந்தால், கணக்கில் செயற்குழுவைச் சேர்ந்த இருவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் தாளை அப்படியே ஏற்றிவிடுபவர்கள் மறப்பது இதைத்தான். சிறு சங்கம் என்ற சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். முந்தைய இரண்டு கணக்காண்டுகளிலும் நடப்புச் செலவு 50,000 டாலருக்குக் கீழும், நடப்புச் சொத்து 50,000 டாலருக்குக் கீழும் இருந்து, நன்கொடை வரிச்சலுகை பெற்ற அமைப்பாக இல்லாமலும் இருந்தால், வரவு செலவு, சொத்து கடன், ஈடு வைத்தவை ஆகியவற்றைக் காட்டும் எளிய கணக்கு போதும். அதற்கு மேற்பட்டவர்கள், கணக்குத் தரநிலைகளை வகுக்கும் வெளி அறிக்கை வாரியத்தின் தரநிலைப்படி எழுத வேண்டும். உங்கள் யாப்பே கணக்காய்வு வேண்டும் என்று சொன்னால் அது வேறு கதை, நீங்களே போட்டுக்கொண்ட முடிச்சு அது.

பல வருடக் கணக்கு பதிவேட்டில் இல்லவே இல்லை

உடனே பொருளாளரைச் சந்தேகிக்காதீர்கள். சங்கம் பதிவுபெற்ற அறக்கொடை நிறுவனமாகவும் இருந்தால் ஆண்டறிக்கை உள்துறைத் திணைக்களத்தின் கீழ் உள்ள அறக்கொடைச் சேவைப் பிரிவுக்குத்தான் போகும். அதன் பதிவேட்டில் தேடினால் கணக்கு அங்கே இருக்கும். ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் "கணக்கை மறைக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுந்து சத்தம் போட, மேசை தட்டப்பட்டு, நாற்காலி நகர்ந்து, கடைசியில் ஒரு மாணவி போனில் அந்த இன்னொரு பதிவேட்டைத் திறந்து காட்டிய பிறகுதான் கூட்டம் அடங்கியது.

உறுப்பினர் பட்டியலைத் தேடி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது இந்தப் பொதுப் பதிவேட்டில் இராது. சங்கம் தன்னிடம் வைத்திருக்க வேண்டிய ஏடு அது. செயலாளரைத்தான் கேட்க வேண்டும்.

போடக் கூடாதது பொதுவில் தெரிகிறது

நான் செய்த தவறையே சொல்கிறேன். ஒரு வருடம் கணக்கோடு சேர்த்துக் கூட்டக் குறிப்பையும் ஏற்றினேன். அதன் கடைசிப் பக்கத்தில் வந்தவர்களின் பெயர், கைப்பேசி எண், யார் எவ்வளவு நன்கொடை தந்தார்கள் என்பது எல்லாம் இருந்தது. அதைப் படித்த ஒரு அக்கா, தன் பெயருக்கு நேரே இருந்த தொகையைப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பதிவான ஆவணத்தை நாமாக அழிக்க முடியாது. பதிவாளரிடம் காரணம் சொல்லி விண்ணப்பித்துப் பார்க்க வேண்டியதுதான். ஏற்றுவதற்கு முன் பிடிஎஃப்பின் கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் தனியார் வீட்டு முகவரியும் இருந்தால் எடுத்துவிடுங்கள், கேட்காத காகிதத்தைச் சேர்க்காதீர்கள்.

பழைய ஆவணத்துக்குள் சொல்லைத் தேட முடியவில்லை

காகிதத்தைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், அதனால் தேடல் வேலை செய்யாது. எழுத்துணரி மென்பொருளில் ஓட்டினால் தட்டச்சுப் பக்கங்கள் ஓரளவு வரும், கையெழுத்துப் பக்கங்களைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். பல காலம் முன்பே கலைந்துபோன சங்கங்களின் கோப்புகள் நியூசிலாந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சங்க வரலாற்று மலருக்காகத் தேடுபவர்கள் இணையத்தில் இல்லை என்று விட்டுவிடாமல், சங்க எண்ணைக் குறித்துக்கொண்டு வெலிங்டன் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.